கொதிக்கும் வோர்ட்டுக்கு எந்தப் பம்பு? 12 வோல்ட் சின்னப் பம்புகளும் அவற்றுக்கு மாற்றுகளும்: ஓர் ஒப்பீடு

வீட்டில் 20, 25 லிட்டர் அளவில் பீர் வடிப்பவர்களுக்குப் பம்பு நினைப்பு பெரும்பாலும் முதுகுவலியோடுதான் வரும். மால்ட் தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து வடித்தெடுக்கும், இன்னும் நொதிக்காத சர்க்கரைச் சாறுதான் வோர்ட். 25 லிட்டர் வோர்ட் 26 கிலோ. பாத்திரத்தோடு சேர்த்தால் 30 கிலோ. அதைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கி மேடையில் ஏற்றுவது யாருக்கும் நல்லதில்லை. மாற்று தேடினால் ஐந்து வழிகள் வந்து நிற்கும்: உள்ளங்கையில் அடங்கும் 12 வோல்ட் காந்தப் பம்பு, கேரவன்களிலும் படகுகளிலும் தண்ணீர் ஏற்றும் டயஃப்ரம் பம்பு, சிறுகச் சிறுகத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்பு, வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் பெரிய பம்பு. ஐந்தாவது, பாத்திரங்களை மேலும் கீழும் அடுக்கிவிட்டுப் பம்பே இல்லாமல் சமாளிப்பது.

எதை எடுப்பது என்று திணறுகிறவர்களில் பலர் பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். சறுக்குவது அங்கேதான். இந்த அளவில் பீர் வடிப்பவருக்கு லிட்டர் கணக்கு கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். எவ்வளவு சூடு தாங்கும், தானாக உறிஞ்சுமா, தலையை, அதாவது திரவம் ஓடும் முன்பகுதியைத் திறந்து கழுவ முடியுமா என்ற மூன்றும் அதற்கு முன்னால் வரவேண்டும்.

## எதை வைத்து அளப்பது

சூடு. மாஷ், அதாவது வெந்நீரில் தானியம் ஊறும் கட்டம், நிற்பது 62 முதல் 68 டிகிரி செல்சியஸில். மாஷை முடிக்கும்போதும் தானியத்தின் மேல் வெந்நீர் ஊற்றிச் சர்க்கரையைக் கழுவி எடுக்கும்போதும் 76–78. அதன் பிறகு கொதி, 100. ஆக, “60 டிகிரி வரை” என்று எழுதிய பம்பு மாஷுக்கே ஆகாது. “100 டிகிரி” என்று எழுதியது விளிம்பில் நடக்கிற கதை. கொதித்த வோர்ட்டைத் தள்ள வேண்டுமானால் 110 அல்லது அதற்கு மேல் எழுதியிருப்பதை எடுங்கள்.

ஓட்டமும் உயரமும். சின்னக் காந்தப் பம்பு ஒன்றின் மேல் “நிமிடத்துக்கு 8 லிட்டர், 3 மீட்டர்” என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 8 லிட்டர் என்பது துளிகூட மேலே தூக்காமல், வாயைத் திறந்துவிட்டு அளந்தது. 3 மீட்டர் என்பது தண்ணீர் ஏறி, அதற்கு மேல் ஏற முடியாமல் நின்றுபோகும் உயரம். 1 மீட்டர் மேலே தூக்கி, அரை அங்குலக் குழாய் 3 மீட்டர் போட்டால் ஏறத்தாழ 6 லிட்டர் வரும். நடுவில் தட்டுச் சில்லரை (ஒரு பக்கம் வோர்ட்டும் மறுபக்கம் குளிர்நீரும் ஓடும் குளிர்விப்பான்) செருகினால் 3, 4 லிட்டருக்கு இறங்கிவிடும்.

இனி தேவையைப் பாருங்கள். 5 கிலோ தானியம் போட்ட மாஷில் வோர்ட்டைச் சுற்றிவிட நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் போதும். அதைவிட வேகமாக இழுத்தால் தானியப் படுகை அடியிலிருக்கும் சல்லடையின் மேல் அமுங்கிக் களிமண்போல் இறுகும், சுற்றே நின்றுவிடும். பாத்திரம் மாற்ற 5 லிட்டர் வேகம் இருந்தால் 25 லிட்டர் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தானியத்தைத் தொடர்ந்து கழுவுகிற முறையில் 15 லிட்டர் வெந்நீரை ஒரு மணி நேரம் எடுத்து ஊற்ற வேண்டும். அதற்கு நிமிடத்துக்கு 250 மில்லிதான் கணக்கு. 10 லிட்டருக்கு மேல் உண்மையிலேயே கேட்கிற வேலை ஒன்றே ஒன்று: கொதி முடிந்ததும் வோர்ட்டைச் சுழலவிட்டு, கசப்புக்கும் மணத்துக்கும் போட்ட ஹாப்ஸ் பூவின் கசடை நடுவில் குவிப்பது.

உறிஞ்சல். காந்தப் பம்புகள் மையவிலக்கு வகை; மையவிலக்குப் பம்புக்குக் காற்றை இழுக்கத் தெரியாது. தலைக்குள் திரவம் நிரம்பியிருந்தால்தான் வேலை செய்யும். டயஃப்ரமும் பெரிஸ்டால்டிக்கும் தானாக உறிஞ்சும். பம்பை எங்கே வைக்கலாம், பாத்திரத்தில் துளை போட்டுக் குழாய்வாய் பொருத்த வேண்டுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்த ஒரு வித்தியாசம்தான்.

தொடும் பொருளும் கழுவலும். வோர்ட் சர்க்கரைக் கரைசல். பம்பின் மூலையில் தங்கிய ஒரு கரண்டி வோர்ட் இரண்டு நாளில் புளித்து நாறும். தலையைத் திருப்புளியால் கழற்றி விரலை விட்டுத் துடைக்க முடிகிற பம்புக்கு அரைப் பங்கு மதிப்பெண்ணை இப்போதே கொடுத்துவிடலாம்.

மின்சாரம். ஈரத் தரை, சிந்தும் வெந்நீர், ஈரக் கை. 12 வோல்டுக்கு இருக்கும் பெரிய சாதகம் இது. ஆனால் அந்த 12 வோல்டைத் தரும் அடாப்டருக்குள் வீட்டு மின்சாரம் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடாப்டர் தலைக்கு மேலே, தெறிப்பு படாத இடத்தில் இருக்க வேண்டும்; கீழே வருவது 12 வோல்ட் கம்பி மட்டும்தான்.

## 1. 12 அல்லது 24 வோல்ட் காந்தப் பம்பு

மோட்டாருக்கும் திரவத்தைத் தள்ளும் இதழ்ச்சக்கரமான இம்பெல்லருக்கும் நடுவே அச்சுத்தண்டு கிடையாது. இந்தப் பக்கம் காந்தப்புலம் சுழல்கிறது; சுவருக்கு அந்தப் பக்கம் காந்தம் பதித்த இம்பெல்லர் கூடவே சுழல்கிறது. அதனால் சீல் தேய்ந்து ஒழுகுகிற பேச்சே இல்லை. வெளிவாயை முழுக்க மூடினாலும் பம்பு கெடாது. உள்ளே வோர்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டத்தைக் குறைக்க ஒரு வால்வு போதும் என்பதால் பீர் வேலைக்கு இந்த வகை கச்சிதமாகப் பொருந்துகிறது.

எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 12 வோல்டில் 1 ஆம்பியரைச் சுற்றி. 24 வோல்ட் வகை அதே உருவத்தில் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தள்ளும். தட்டுச் சில்லர் வைத்திருப்பவர் 24 எடுப்பது புத்திசாலித்தனம். மற்றவர்களுக்கு 12 போதும்.

வாங்கும்போது தலையின் பொருளைக் கேளுங்கள். சூடு தாங்கும் பிளாஸ்டிக்குகளான பாலிசல்ஃபோன், பிபிஎஸ், அல்லது எஃகு, மூன்றும் சரி. பார்க்க அதே மாதிரி இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தலை கொதிநீரில் இளகிவிடும். நைலான் சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பும், இம்பெல்லர் உரசத் தொடங்கும். மீன்தொட்டிக்கும் நீரூற்றுக்கும் விற்கும் மூழ்கு பம்பை வோர்ட்டுக்குள் இறக்கவே கூடாது. புதுப் பம்பு வந்ததும் 80 டிகிரி வெந்நீரை 15 நிமிடம் அதில் சுற்றவிட்டு, ஆறவைத்து முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் வாடை அடித்தால் அது பீரிலும் அடிக்கும்.

இதன் குறைகளில் முதலாவது உறிஞ்சல். பம்பு எப்போதும் பாத்திரத்தின் வாய்க்குக் கீழே இருக்க வேண்டும்; வோர்ட் தானாக வழிந்து வந்து தலையை நிரப்ப வேண்டும். வெளிவாய் மேல்நோக்கி இருக்கும்படி தலையைத் திருப்பிப் பொருத்துங்கள். பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ வைத்தால் தலையின் உச்சியில் ஒரு காற்றுக்குமிழ் உட்கார்ந்துகொண்டு அசையாது. ஓட்டுகிற வரிசை இப்படி:

1. பம்பு நிற்கட்டும். பாத்திரத்தின் வால்வையும் வெளிவாய் வால்வையும் முழுக்கத் திறக்கவும்.
2. வெளிக்குழாயின் நுனியைப் பாத்திரத்தின் திரவ மட்டத்துக்குக் கீழே பிடிக்கவும். குமிழ்கள் வந்து ஓய்ந்து, வோர்ட் மட்டும் வரும்வரை பொறுக்கவும்.
3. வெளிவாய் வால்வை மூடவும். நுனியை வேண்டிய இடத்தில் மாட்டவும்.
4. மின்சாரம் கொடுக்கவும். இரண்டு விநாடி கழித்து வால்வை மெல்லத் திறக்கவும்.
5. கரகரவென்று சத்தம் கேட்டால் காற்று இருக்கிறது. நிறுத்தி, தலையை விரலால் தட்டி, மறுபடி ஓட்டவும்.

ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு வெளிவாய்ப் பக்கம்தான் இருக்க வேண்டும். உள்வாயை இறுக்கினால் நடப்பது வேறு. 100 டிகிரியில் இருக்கும் வோர்ட் கொதிக்கத் தயாராகவே நிற்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் ஒரு துளி குறைந்தாலும் குழாய்க்குள்ளேயே நீராவியாகும். பம்புக்கு மேல் 30 சென்டிமீட்டர் வோர்ட் நின்றால்கூட அந்த எடை கொதிநிலையை உயர்த்துவது 1 டிகிரிக்கும் குறைவு. அவ்வளவுதான் உங்களுக்கு இருக்கும் இடைவெளி. ஆகவே அடுப்பை அணைத்தோ தணித்தோ கொந்தளிப்பு அடங்கிய பிறகே பம்பைத் தொடுங்கள். உள்வாய்க் குழாய் குட்டையாக, தடிமனாக, வளைவு இல்லாமல் இருக்கட்டும். “தண்ணீரில் அருமையாக ஓடியது, வோர்ட்டில் நின்றுபோனது” என்ற புகாரில் பாதிக்கு மேல் இதுதான் காரணம்.

இரண்டாவது குறை, வறட்சி. உள்ளேயிருக்கும் பீங்கான் அச்சுக்குத் திரவமே மசகு. காலியாகச் சில நிமிடம் ஓடினால் அச்சும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்து, பிறகு எப்போதும் முனகிக்கொண்டே ஓடும். பாத்திரம் காலியாகும் கடைசி அரை நிமிடத்தில் சுவிட்சில் கை இருக்க வேண்டும்.

மூன்றாவது, குப்பை. ஹாப்ஸ் துகள்கள் சேறுபோல் வந்தால் இம்பெல்லரின் குறுகிய இடைவெளி அடைத்து, காந்தப் பிடி விட்டுப்போகும். மோட்டார் உறுமும், ஓட்டம் இருக்காது. பாத்திரத்துக்குள் ஒரு சல்லடையோ ஹாப்ஸ் பையோ இல்லாமல் இந்தப் பம்பைப் பயன்படுத்தாதீர்கள்.

மின்சாரத்தில் இரண்டு எச்சரிக்கை. இந்த மோட்டார்களுக்குள் சிறு மின்னணுச் சுற்று இருக்கிறது. சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தால், பாதுகாப்பு டயோடு இல்லாத வகை அந்த நொடியே போய்விடும். அடுத்தது, வேகத்தைக் குறைக்க விற்கும் பிடபிள்யூஎம் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளேயிருக்கும் சுற்று மறுபடி முதலிலிருந்து தொடங்கப் பார்க்கும். பம்பு திக்கித் திணறும். வால்வு போதும் என்பதால் அந்தப் பெட்டி வீண் செலவு.

## 2. 12 வோல்ட் டயஃப்ரம் பம்பு

ரப்பர் சவ்வு உள்ளும் வெளியும் அசைய, ஒருவழி வால்வுகள் திரவத்தைத் தள்ளும். தானாக உறிஞ்சும், தரையிலிருக்கும் வாளியிலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே இழுப்பது அதற்கு விளையாட்டு. காந்தப் பம்புக்குக் கனவிலும் வராத அழுத்தம் தரும். சிறிது நேரம் காலியாக ஓடினாலும் தாங்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. பிரச்சினை சூட்டில். பெரும்பாலானவற்றின் வரம்பு 40 முதல் 60 டிகிரி வரைதான். 78 டிகிரி வெந்நீரில் சவ்வும் வால்வும் இளகி, முதல் சில தடவை ஓடிவிடும்; பிறகு உறிஞ்சும் திறன் குறையும். திடீரென்று நின்றிருந்தால் பரவாயில்லை. இது மெல்ல மெல்லத் தேய்ந்து, காரணமே புரியாத பம்பாக மாறும்.

இரண்டாவது பிரச்சினை சுத்தம். மூன்று நான்கு சிறிய அறைகள், ஒவ்வொன்றிலும் மடிப்புள்ள வால்வு. திறந்தால் சேர்ப்பது சிரமம். திறக்காவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆறிய வோர்ட்டும் முடிந்த பீரும் இதன் வழியே போகக்கூடாது. ஒரு தானிய உமி வால்வில் சிக்கினாலும் உறிஞ்சல் போய்விடும் என்பதால், முன்னால் கம்பி வலை வடிகட்டி கட்டாயம்.

வெளிவாயை மூடி ஓட்டத்தைக் குறைக்கவும் முடியாது. அழுத்தச் சுவிட்ச் உள்ள வகை ‘டக், டக்’ என்று நின்று நின்று ஓடும். சுவிட்ச் இல்லாத வகை குழாயைப் பிடுங்கி எறியும். சூடான திரவம் ஓடும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு வேகம் குறைக்க பிடபிள்யூஎம் பெட்டியே சரி. இதன் மோட்டார் கார்பன் பிரஷ் வகை, வெட்டி வெட்டிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

இதை வீட்டுக்குள் சேர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. வேலை வேறு, அவ்வளவுதான். பச்சைத்தண்ணீர் நிரப்ப, நொதிகலத்தின் உள்ளே தெளிப்பான் வைத்துக் கழுவ, சில்லரில் ஐஸ் தண்ணீரைச் சுற்றிவிட இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

ஐஸ் தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்லலாம். குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் வோர்ட் 35 டிகிரிக்கு வந்து அப்படியே நின்றுவிடும். அங்கிருந்து 18க்குக் கொண்டுபோக ஐஸ்தான் வழி. 1 கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கிறது. 20 லிட்டர் வோர்ட்டை 4 டிகிரி இறக்க அது போதும். 17 டிகிரி இறக்கக் குறைந்தது நாலேகால் கிலோ. வாளியும் குழாயும் காற்றும் தின்பதைச் சேர்த்து 6 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குழாய்த் தண்ணீரில் 35 வரை இறக்கிவிட்டு, அதன் பிறகே ஐஸ் வாளிக்கு மாறுங்கள். 90 டிகிரி வோர்ட்டுக்கே ஐஸைப் போட்டால் பத்து நிமிடத்தில் வாளியில் வெந்நீர் இருக்கும்.

## 3. பெரிஸ்டால்டிக் பம்பு

உருளைகள் சிலிகான் குழாயை நசுக்கிக்கொண்டே உருள்கின்றன. திரவம் தொடுவது குழாயை மட்டும். சுத்தத்தில் இதற்குப் போட்டியே கிடையாது: குழாயைக் கழற்றிக் கொதிக்க வைத்தால் வேலை முடிந்தது.

வேகம்தான் சிக்கல். சிறிய 12 வோல்ட் வகை நிமிடத்துக்கு 100 முதல் 400 மில்லி. 300 மில்லி வேகத்தில் 20 லிட்டர் மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் மேலே சொன்ன 250 மில்லி கழுவல் வேலையை நினைவுபடுத்திப் பாருங்கள். காந்தப் பம்பை வால்வால் இறுக்கி 250 மில்லிக்குக் கொண்டுவந்தால், பாத்திரத்தின் மட்டம் இறங்க இறங்க ஓட்டமும் மாறிக்கொண்டே போகும்; நின்று திருகிக்கொண்டிருக்க வேண்டும். பெரிஸ்டால்டிக் சுழலும் வேகத்துக்கு ஏற்ற அளவைக் கடிகாரம்போல் தரும். ஈஸ்ட் கலவையை ஊற்ற, தெளிமருந்து சேர்க்கவும் வசதி. பிரஷ் மோட்டார் உள்ள வகையில் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கி ஓடி, குழாயில் நின்றதைத் திருப்பித் தந்துவிடும்.

உருளை நசுக்கும் இடத்தில் குழாய் களைத்துப் போகும். சூடான திரவத்தில் இன்னும் சீக்கிரம். நாலைந்து தடவைக்கு ஒருமுறை குழாயை ஒரு சாண் நகர்த்திப் பொருத்தினால் ஆயுள் நீளும். அதற்காகக் குழாயை முதலிலேயே கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டுங்கள்.

## 4. வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெரிய காந்தப் பம்பு

கொள்கை அதேதான், உருவம் பெரிது. பாலிசல்ஃபோன் அல்லது எஃகுத் தலை, 120 டிகிரி வரை தாங்கும் வகைகள், நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல், உயரமும் சில மீட்டர் அதிகம். கசடு லேசாக வந்தாலும் விழுங்கிவிட்டுப் போகும். சரியாகப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டு வரும். இம்பெல்லர், தலையை ஒழுகாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையம் தனியாகக் கிடைக்கும்.

ஆனால் 20 லிட்டர் வடிப்பவருக்கு அந்த வலு பெரும்பாலும் வால்வுக்குப் பின்னால் அடைந்து கிடக்கும். மாஷில் கால்வாசி திறந்துதான் ஓட்ட முடியும். கவனம் தப்பி முழுதும் திறந்தால் படுகை இறுகி, அதைக் கிளறிவிட்டு மறுபடி தெளியவைக்க அரை மணி நேரம் போகும். இது சோம்பேறிகளுக்கான பம்பு இல்லை.

இதற்கு உறிஞ்சல் விதிகளிலும் சலுகை கிடையாது. பெரிய பம்பு வாங்கினால் காற்றையும் இழுத்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். இழுக்காது. கொதிநிலை வோர்ட்டில் வேகமாக இழுக்கும் பம்பு இன்னும் சீக்கிரம் நீராவியாகிப் பிடி விடும்.

ஈரமான இடத்தில் வீட்டு மின்சாரம் ஓடுகிறது என்பதால் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான், தரைக்கம்பி, மூடிய சுவிட்ச் மூன்றும் கட்டாயம். இவை இல்லாமல் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம்.

40, 50 லிட்டருக்குப் போகிறவர்களுக்கும், ஒவ்வொரு முறையும் வோர்ட்டைச் சுழலவிடுகிறவர்களுக்கும் இதுவே சரி.

## 5. பம்பே இல்லாமல்

50 சென்டிமீட்டர் உயர வித்தியாசம், 2 மீட்டர் அரை அங்குலக் குழாய்: நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் வந்துவிடும். சின்னப் பம்பு தருவதும் அதே அளவுதான். கெட்டுப்போக ஒன்றுமில்லை, கழுவக் குழாய் மட்டும். மூன்று படி மேடை கட்டினால், மேல்படிப் பாத்திரத்தில் தண்ணீரை உயரத்தில் காய்ச்ச வேண்டியிருக்கும். தலைக்கு மேல் வெந்நீர் என்பது இந்த முறையின் கசப்பான பக்கம். மாஷைத் தொடர்ந்து சுற்றிவிடவும் முடியாது. குவளையால் மொண்டு ஊற்ற வேண்டும். ஒரே பாத்திரத்தில் பையோடு மாஷ் செய்கிறவர் இதிலேயே நிம்மதியாக இருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | 12/24 வோல்ட் காந்தம் | டயஃப்ரம் | பெரிஸ்டால்டிக் | பெரிய காந்தம் | புவியீர்ப்பு |
|---|---|---|---|---|---|
| கொதித்த வோர்ட் | 110 டிகிரி வகை மட்டும் | கூடாது | குழாய் தாங்கும், வேகம் போதாது | சரி | சரி |
| தானாக உறிஞ்சல் | இல்லை | உண்டு | உண்டு | இல்லை | ஒருமுறை நிரப்ப வேண்டும் |
| காலியாக ஓடினால் | சில நிமிடத்தில் சேதம் | சற்று நேரம் தாங்கும் | பாதிப்பில்லை | சேதம் | பேச்சில்லை |
| ஓட்டம் குறைக்க | வெளிவாய் வால்வு | பிடபிள்யூஎம் | பிடபிள்யூஎம் | வெளிவாய் வால்வு | வால்வு |
| திறந்து கழுவ | எளிது | கடினம் | குழாய் மாற்றினால் போதும் | எளிது | குழாய் மட்டும் |
| சத்தம் | ஏறக்குறைய இல்லை | அதிகம் | லேசான முனகல் | மிதம் | இல்லை |

## பெட்டியில் எழுதாத செலவுகள்

சின்னப் பம்பு மலிவு என்று வாங்கியவர், அதைச் சுற்றி வாங்க வேண்டியதைக் கூட்டிப் பார்த்தால் பம்பின் விலையே சிறிதாகத் தெரியும்.

மரையும் பொருத்திகளும். குழாய் மரையில் பிஎஸ்பி, என்பிடி என்று இரண்டு தர வகைகள் உண்டு. அரை அங்குல பிஎஸ்பி, அரை அங்குல என்பிடி இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. ஒன்று 55 டிகிரிக் கோணம், மற்றது 60. அதனால் ஒன்றில் ஒன்று ஏறும், இறுகுவதுபோல் இருக்கும், சூடானதும் ஒழுகும். வாங்குவதற்கு முன்பே பம்பு எந்த வகை, உங்கள் வால்வு எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் மரையில் எஃகுப் பொருத்தியை ஸ்பானர் போட்டு முறுக்கினால் தலை மயிரிழையாக வெடிக்கும். டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்று, கையால் இறுக்கம், அதற்கு மேல் கால் திருகு. போதும்.

குழாய். சூடான பக்கம் முழுக்க சிலிகான், உள்விட்டம் 12, 13 மில்லிமீட்டர். மிச்சம் பிடிக்க 8 மில்லிமீட்டர் குழாய் போட்டால் அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு சுமார் ஒன்பது மடங்கு. சின்னப் பம்பின் உயிரே அந்த உராய்வில் போய்விடும். சாதாரண பிவிசி குழாய் வெந்நீரில் துவண்டு, உறிஞ்சும் பக்கத்தில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும்.

அடாப்டரும் கம்பியும். காந்தப் பம்புக்கு 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் தாராளம். 5 ஆம்பியர் ஓடும் டயஃப்ரமுக்கு 10 ஆம்பியர் வேண்டும். தொடங்கும் நொடியில் அது பல மடங்கு இழுக்கும், சிறிய அடாப்டர் தன்னையே அணைத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை 12 வோல்ட் பம்பில் மாட்டிவிடாதீர்கள்.

கம்பி நீளமானால் வோல்ட் கரையும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் போட்டால் போக வர 10 மீட்டர். 5 ஆம்பியரில் 1 வோல்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 1 ஆம்பியர் காந்தப் பம்பில் அதே கம்பியின் இழப்பு கால் வோல்டுக்கும் குறைவு. டயஃப்ரமுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். இரண்டிலும் அடாப்டரை ஒட்டி ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்: 12 வோல்ட் கையைச் சுடாது, ஆனால் ஷார்ட் ஆனால் கம்பியைச் சுடும்.

நேரம். ஒவ்வொரு பம்புக்கும் வேலை முடிந்ததும் 20 நிமிடம் எழுதி வையுங்கள். உடனே வெந்நீர் அலசல், பிறகு 55–60 டிகிரியில் சோடியம் பெர்கார்பனேட் கரைசல், லிட்டருக்கு 5 கிராம், 15 நிமிடம் சுற்று, மறுபடி அலசல், தலையைக் கழற்றிக் காயவைத்தல். டயஃப்ரமுக்குக் கரைசல் அதன் சூட்டு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும், அதனால் நேரமும் கூடும். ஓ-ரிங் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருங்கள். வடிக்கும் நாளில்தான் அது சாக்கடைக்குள் உருண்டு போகும்.

## யாருக்கு எது

20–25 லிட்டர், பாத்திரத்தில் வால்வு இருக்கிறது, மாஷைச் சுற்றிவிட வேண்டும், கொதித்ததைச் சில்லர் வழியே இறக்க வேண்டும் என்பவருக்கு 110 டிகிரி தாங்கும் சின்னக் காந்தப் பம்பு. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கொதி முடியும் முன் கடைசி 10 நிமிடம் வோர்ட்டைப் பம்பு, சில்லர் இரண்டின் வழியாகவும் சுற்றிவிட்டால் இரண்டும் சேர்ந்தே கிருமிநீக்கம் ஆகிவிடும். அடுப்பைச் சற்றுத் தணித்து, வெளிவாயைப் பாதி மூடி ஓட்டினால் நீராவி பிடிக்காது.

பாத்திரத்தில் துளை போட மனமில்லாதவருக்குக் காந்தப் பம்பு ஒத்துவராது. மேலிருந்து குழாயை விட்டு உறிஞ்சினால் காற்றுப் பூட்டோடு மல்லுக்கட்டியே நாள் போகும். அவர் புவியீர்ப்பிலேயே இருந்துகொண்டு, ஐஸ் தண்ணீருக்கு மட்டும் ஒரு டயஃப்ரம் வைத்துக்கொள்ளலாம்.

சூடேற்றும் கம்பி வைத்த குழாய் வழியே மாஷைச் சுற்றிவிடுகிறவர், திரவ ஓட்டம் நின்றால் சூட்டைத் துண்டிக்கும் ஓட்டச் சுவிட்ச் ஒன்றையும் சேர்க்க வேண்டும். பம்பு நின்றுவிட்டால் ஒரே நிமிடத்தில் குழாய்க்குள் வோர்ட் கருகும். அந்தக் கருகல் வாடை பீரைவிட்டுப் போகாது. ஹாப்ஸை அள்ளிப் போட்டுச் சுழல்முறையில் கசடு பிரிப்பவருக்குப் பெரிய பம்பு.

நொதித்து முடிந்த பீருக்கு? எந்தப் பம்பும் வேண்டாம். உறிஞ்சும் பக்கத்தில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தால் பீர் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால் சில வாரம் கழித்து அட்டைப்பெட்டி வாடை வரும்போதுதான் புரியும். சிலிகான் குழாயும் ஆக்சிஜனை ஊடுருவ விடும். கரியமில வாயு கரைந்த பீரில் இம்பெல்லர் நுரையைத்தான் கடையும். மூடிய கலத்திலிருந்து மூடிய கலத்துக்கு, வாயு அழுத்தத்திலோ உயர வித்தியாசத்திலோ மாற்றுங்கள்.

எதை வாங்கினாலும் முதல் ஓட்டம் வெறும் தண்ணீரில் இருக்கட்டும். வடிக்கும் நாளில் எந்த உயரத்தில், எந்தக் குழாயில், எந்தச் சில்லரோடு ஓடுமோ அப்படியே மாட்டி, 5 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 60 விநாடி என்றால் 60 என்று பம்பின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். பிறகொரு நாள் அதே அமைப்பில் 90 ஆனால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் நான்கு திருகைக் கழற்றுங்கள். இம்பெல்லரின் இதழ்களுக்குள் போன தடவை ஹாப்ஸ் பச்சையாக உட்கார்ந்திருக்கும்.